ம-வில் தொங்கிய பாட்டு

செவ்வாய்க் கோளில் செம்பாழி என்றோர் ஊர். ஒரு புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, அந்த ஊரின் நாலாயிரத்து இருநூறு பேருடைய காதுக்குள்ளும் அபாய ஒலி எழுந்தது. ‘காற்று கசிகிறது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் புகலறைக்குப் போ’ என்பது அதற்குப் பொருள். பயிற்சிதான். ஆனால் பயிற்சி என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஊர் அசையவில்லை. தேநீர்க்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். பள்ளியில் பதினான்காம் வாய்ப்பாடு நிற்கவில்லை. முடிதிருத்துபவர் கத்திரியைக் கீழே வைக்கவில்லை.

காற்றுப் பாதுகாப்பு அலுவலர் நப்பின்னை புகலறை வாசலில் நின்று ஆளை எண்ணிக்கொண்டிருந்தாள். கிழக்குச் சுவர் உடைந்தால், ஊருக்குள் இருக்கும் காற்று மூச்சுக்கு உதவாத அளவுக்கு மெலிய பதினோரு நிமிடம் ஆகும். அதற்குள் நாலாயிரத்து இருநூறு பேரும் அந்தக் கதவைத் தாண்டியிருக்க வேண்டும். பதினோராவது நிமிடத்தில் அவள் கணக்கில் இருந்தது முப்பத்தேழு.

அந்த முப்பத்தேழு பேரையும் நிறுத்தி விசாரித்தாள். முப்பத்தொரு பேர், காதுக்குள் பாட்டு ஓட்டும் செவிமணி பழுதாகி, சரிசெய்ய முறைக்குக் காத்திருந்தவர்கள். காதில் பாட்டு ஓடாததால் தெருவில் சிவப்பு விளக்கு மின்னுவதைப் பார்த்து வந்திருந்தார்கள். நாலு பேர் குறுக்குவழியாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள். மீதி இரண்டு பேர், ஆட்கள் கூடி நிற்பதைப் பார்த்து எதையோ கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று வரிசையில் சேர்ந்தவர்கள்.

வராதவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தேநீர்க்கடைக்காரர் சத்தியமே செய்தார்: “வெளக்கு மின்னுச்சும்மா, இல்லேங்கல. சத்தம் வரலியே? சத்தம் இல்லாம வெறும் வெளக்கு மின்னுனா வெளக்குதான கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்?”

ஆனால் பதிவேடு வேறு சொன்னது. பழுதானவை போக, ஒவ்வொரு செவிமணியிலும் அபாய ஒலி இருபது விநாடி ஒலித்திருக்கிறது. ஒன்றில்கூடப் பிழையில்லை. ஒலி போயிருக்கிறது. காது வாங்கியிருக்கிறது. ஆள் மட்டும் கேட்கவில்லை. இதென்ன கூத்து என்று நப்பின்னைக்கு விளங்கவில்லை.

செம்பாழி, பழைய எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த ஒரு நீளக் குகைக்குள் இருக்கிறது. குகையின் இரு முனைகளையும் சுவர் வைத்து அடைத்து, உள்ளே காற்றை நிரப்பி, ஊராக்கியிருக்கிறார்கள். காற்றைச் சுழற்ற அறுநூறு விசிறிகள் ஓயாமல் இரைகின்றன. அந்த இரைச்சலில் முதல் ஆண்டிலேயே பாதிப் பேருக்குச் சித்தம் கலங்கும் போலாகிவிட்டது. அதற்கு மருந்தாக வந்ததுதான் செவிமணி. கடுகளவுக் கருவி. காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்துவிடுவார்கள். அது விசிறி இரைச்சலை அழித்துவிடும், மனிதர் பேச்சை மட்டும் உள்ளே விடும், அழித்த இடத்தைப் பாட்டால் நிரப்பும். பாட்டை உண்டாக்குவது பாணன் என்ற பொறி. நாலாயிரத்து இருநூறு பேருக்கும் நாலாயிரத்து இருநூறு தனிப் பாட்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம்.

பிடிக்காத பாட்டைத் தள்ள நாக்கை மேலண்ணத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும். ‘டிக்’ என்று சின்னச் சத்தம் வரும், அடுத்த பாட்டு தொடங்கும். ஊரில் இதற்குப் ‘பல்லி போடுவது’ என்று பெயர். செவ்வாயில் பல்லி கிடையாது, பார்த்தவர்களும் கிடையாது. பூமியில் பல்லி சொன்னால் ஏதோ நடக்கப்போகிறது என்று நின்று யோசிப்பார்களாம். செம்பாழியில் பல்லி போட்டால் வேண்டாததை ஒதுக்கியாயிற்று என்று பொருள்.

முதல் ஆண்டில் அபாய ஒலி, சங்கு ஊதுவதுபோல் அலறும் ஒலியாக இருந்தது. ஒரு நாள் சின்னக் கசிவுக்கு அது அலறியது. கசிவால் ஒருவரும் சாகவில்லை; அலறலுக்குப் பயந்து நெருக்கியடித்து ஓடியதில் பத்தொன்பது பேர் செத்தார்கள். அதன்பிறகு, பயமுறுத்தாமல் எழுப்பும் ஒலி வேண்டும் என்று கேட்டு, இசை தெரிந்தவர்களை வைத்துச் செய்ததுதான் இப்போதைய ஒலி. இனிமையானது, ஆனால் முடியாதது. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நிற்பதைப் போன்றது. கேட்டவருக்கு இருப்புக் கொள்ளாது, எழுந்துவிடுவார். அடுத்தடுத்த பயிற்சிகளில் ஊர் முழுக்கப் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் கடந்த ஒன்பது ஆண்டுகளாகக் கசிவும் இல்லை, பயிற்சியும் இல்லை.

இப்போது பயிற்சி வைத்ததற்குக் காரணம் இருந்தது. கிழக்குச் சுவரில் மயிரிழை அகலத்துக்கு ஒரு விரிசல் விழுந்திருந்தது. அதை அடைக்கும் பிசின் சரக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. நாற்பது நாள் ஆகும். அந்தச் சுவரை ஒட்டித்தான் ஊரின் காளான் பண்ணை. நப்பின்னையின் கணவன் தணிகைக்கு அங்கேதான் வேலை. விரிசலுக்கும் அவன் நிற்கும் அடுக்குக்கும் பதினைந்து அடி தூரம்.

அவனும் வரவில்லை.

“ஏன் வரல?” மாலையில் அவன் வீட்டுக்குள் கால் வைத்ததுமே கேட்டாள்.

“எங்க?”

“புகலறைக்கு. பத்து நாப்பதுக்கு அபாய ஒலி கேட்டுச்சுல்ல?”

“கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா நப்பி? எனக்கென்ன உயிர் வெல்லம் இல்லையா?” கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். “பத்து நாப்பதுக்கா? அப்ப அருமையா ஒரு பாட்டு ஓடிட்டிருந்துச்சு. பல்லி போடவே மனசு வரல.”

“என்ன பாட்டு?”

தணிகை எதையும் முணுமுணுத்துப் பாடுகிறவன். உடனே பாடிக்காட்டினான். நடுவில் ஓரிடத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்தான்; மூச்சு முட்டும்வரை இழுத்தான்.

“அங்க ஏன் அப்படி இழுக்குற?”

“பாட்டுலயே அப்படித்தான் இழுத்தான். அதுதான் இதுல அழகே.”

ஏதோ தோன்றி, அவனை மறுபடி பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டாள். “அட, எம் பாட்டுக்கு இப்பதான் மரியாதை கெடைக்குது” என்றான் அவன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு எபனேசரிடம் போனாள். பாணனைப் பராமரிப்பவன் எபனேசர். அவன் குடும்பம் நெல்லை மண்ணை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. பேச்சு மட்டும் இன்னும் கிளம்பவில்லை.

“வாங்க மேடம். நேத்து கூட்டம் கூடலன்னு கேள்விப்பட்டேன். வெசனப்படாதீங்க, ஞாயித்துக்கெழம எங்க கோயில்லயும் அப்படித்தான்.”

“சிரிக்கிற விஷயமில்ல எபனேசர். இதைக் கேளுங்க.”

கேட்டான். “ஒங்க வீட்டுக்காரரா? நல்லாத்தான் பாடுதாரு. ஆனா ஒரே ஒரு எடத்துல எதுக்கு இப்பிடி ஜவ்வு மாதிரி இழுக்காரு?” என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். தணிகைக்கு அந்நேரம் ஓடிய பாட்டைப் பாணனின் பதிவிலிருந்து எடுத்தான். ஒருமுறை ஓடவிட்டான். மறுமுறை, காதுக்குள் போனதை எல்லாம் சேர்த்து ஓடவிட்டான். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

“மேடம், அந்த இழுப்புதான் ஒங்க அபாயச் சத்தம். அவரு அதக் கேக்காம இல்ல. ரசிச்சுக் கேட்டிருக்காரு.”

மேசையிலிருந்த பழைய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு விளக்கினான். அவனுக்கு இதில் ஒரு குஷி உண்டு. எந்தப் பொறியானாலும் அதன் மூடியைக் கழற்றிக் காட்டாமல் விடமாட்டான்.

“ஒரு சுரம்னா ஒரு விரல். மூணு சுரத்தை ஒண்ணா அமுக்குனா அதுக்குப் பேரு சுரக்கூட்டு. நம்ம பூசணிக்காக் கூட்டு மாதிரிதான். பருப்பு தனி, காய் தனி, தேங்கா தனின்னு நாக்குக்குத் தெரியாது. சேந்து ஒரே ருசி. ச-வ அடியில வச்சுக் கட்டுனா ச-கூட்டு. ப-வ வச்சா ப-கூட்டு. இப்பிடி ஏழு கூட்டு கட்டலாம், அதத் திருப்பிப் போட்டு எத்தனையோ கட்டலாம். ஆனா பாருங்க...” நாலு கூட்டுகளை வரிசையாக அமுக்கினான். “ச, ப, த, ம. பொறவு மறுபடி ச. இதுக்கு எங்க தொழில்ல நாற்கூட்டுன்னு பேரு. வீட்ட விட்டுக் கெளம்புதோம், கொஞ்சம் தூரம் போறோம், கொஞ்சம் கலங்குதோம், திரும்பி வீட்டுக்கு வாறோம். ச-தான் வீடு. பூமியிலயே பாதிப் பாட்டு இதுலதான் ஓடிருக்கு.”

“இங்க?”

“இங்க முழுசும்.”

பாணன் தொடக்கத்தில் எல்லா வகையிலும் பாட்டுக் கட்டியது. யார் எதற்குப் பல்லி போடுகிறார்கள் என்று கவனித்தது. போட்ட வகையைக் குறைத்தது, போடாத வகையைக் கூட்டியது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. அடுத்து என்ன வரும் என்று காது ஊகிக்க முடியாத பாட்டுக்கு ஏழு விநாடிக்குள் பல்லி விழுந்தது. ஊகித்தது ஊகித்தபடியே வந்தால் விழவில்லை. முப்பது ஆண்டுகளில் ஆயிரம் கோடிப் பாட்டு. சொற்கள் வேறு, குரல்கள் வேறு, தாளம் வேறு; அடியில் ஓடுவது ச, ப, த, ம.

“ஒங்க அபாயச் சத்தம் என்ன கூட்டு தெரியுமா? ப. கூட ஒரு ம-வத் தூவிருக்கு, வீட்டுக்குப் போணும் போணும்னு அரிக்கதுக்கு. அந்தக் காலத்துல பாட்ட நிறுத்திட்டு, அதுக்குன்னு தனிச் சுருதில அது வரும். எல்லாருக்கும் தூக்கிவாரிப் போடும். ஒம்பது வருசத்துக்கு முன்னால யாரோ ஒரு புண்ணியவான், காது நோகுதுன்னு, ஓடுத பாட்டோட சுருதிலயே அத இழைச்சுக் கொடுன்னு பாணனுக்குச் சொல்லிட்டான்.” எபனேசர் தலையைச் சொறிந்தான். “நாந்தான் அந்தப் புண்ணியவான். நாப்பது பேரு முறையிட்டாங்க, என்ன செய்ய?”

நப்பின்னைக்கு விளங்கிவிட்டது. ஊரார் காதில் பாட்டு ச-வில் கிளம்பி ப-வுக்கு வருகிறது. அபாய ஒலியும் ப-வாக வருகிறது. அடடா, நீட்டுகிறான் என்று காது நினைத்துக்கொள்கிறது. இருபது விநாடி கழித்துப் பாட்டு த-வுக்குப் போகிறது. செத்துப்போ என்று சொல்லியிருந்தாலும் இதே சுருதியில் சொன்னால் தலையாட்டியிருப்பார்கள்.

“இன்னும் ஒண்ணு காட்டுதேன்” என்று எபனேசர் ச-வை அமுக்கினான், ப-வை அமுக்கினான், த, ம. ம-வில் விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, “டீ குடிக்கியளா? வெளியில சொல்லட்டுமா? இஞ்சி போடவா வேண்டாமா?” என்று பேசத் தொடங்கினான். அவன் சொன்னது ஒன்றும் நப்பின்னையின் மண்டைக்குள் இறங்கவில்லை. ம தொங்கிக்கொண்டிருந்தது. பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. அடக்கமாட்டாமல் அவள் ‘ச’ என்று முனகிப் பார்த்தாள். சரிப்படவில்லை.

“சரிப்படாது. ம-கூட்டுக்குள்ளயே ச ஒரு ஆளா இருக்கு. நீங்க தனியா ச பாடுனா அங்கயே போய் ஒட்டிக்கிடும். வீட்டுக்கு வரணும்னா மூணு சுரமும் சேந்து எடம் மாறணும். ஒரு தொண்டையில மூணு சுரம் வராதுல்லா?”

நப்பின்னை எட்டி, அவன் விரல்களைத் தட்டிவிட்டு, ச-கூட்டைத் தானே அமுக்கினாள். மூச்சு விட்டாள்.

“பாத்தியளா” என்றான் எபனேசர்.

அவள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் முந்திக்கொண்டிருந்தது. இனிமை வேண்டாம், பழைய அலறலையே போடுவோம் என்று தீர்மானித்தாள். ஊராட்சித் தலைமை அலுவலர் பர்வீன் பானுவிடம் அனுமதி வாங்கி, மூன்றாம் தெருவில் மட்டும் சோதித்தாள். அலறல் எழுந்தது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் ‘டிக்’ என்றது. நூற்றெண்பது நாக்குகள். ஒரு சுவர் நிறையப் பல்லிகள் சேர்ந்து சொன்னதுபோல் இருந்தது. எல்லோருக்கும் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. ஒருவர் மட்டும் வெளியே தலை நீட்டினார், தெருவில் யாராவது பாணன் கெட்டுப்போனதாகச் சொல்கிறார்களா என்று பார்க்க.

சரி, மனிதக் குரலில் சொல்லிப் பார்ப்போம் என்று, “எழுந்து புகலறைக்கு ஓடுங்கள்” என்று பேசி ஒலிபரப்பினார்கள். அதற்கு இரண்டு விநாடியில் பல்லி விழுந்தது.

“பல்லி வேலை செய்யாதபடி ஆக்கிடலாம் மேடம்” என்றாள் நப்பின்னை பர்வீனிடம். “அபாய நேரத்துல மட்டும்.”

பர்வீன் மறுப்பாகத் தலையசைத்தார். “ஊர் சாசனத்துல முதல் பிரிவு என்னன்னு தெரியும்ல? ஒருத்தர் காதுக்குள்ள ஓடுறதை நிறுத்துற உரிமை அவருக்கு மட்டும்தான். மொத மொதல்ல செவிமணியில நிறுத்த முடியாத விளம்பரமா ஓட்டினாங்க. ஊரே கம்பியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு. அன்னைக்கு எழுதின பிரிவு. அதைத் தொட்டா நான் இந்த நாற்காலியில இருக்க மாட்டேன்.”

“இனிமையாச் சொன்னா கேக்கல. கடுமையாச் சொன்னா தள்ளிவிடுறாங்க. வேற எப்படி மேடம் சொல்றது?”

“நீங்கதானே அலுவலர், நப்பின்னை.”

அன்று மாலை அவள் தணிகையிடம், கப்பல் வரும்வரை விடுப்பு எடு என்றாள். “காளானுக்கு யாரு தண்ணி தெளிப்பா, நீயா? ஏதாவது ஆச்சுன்னா அதான் சத்தம் குடுப்பீங்களே” என்று சொல்லிவிட்டு, காதுக்குள் ஓடிய எதையோ முணுமுணுத்தான். அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் முணுமுணுப்பு நடுவில் நின்றுபோனது. சோற்றை வாயில் வைத்திருந்தான். விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்த பிறகுதான் அடுத்த கவளத்தை எடுத்தான்.

நப்பின்னை சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து எபனேசரை அழைத்தாள்.

“எபனேசர், பாட்டை ம-வில தொங்கவிட்டா என்ன ஆகும்? எல்லாருக்கும். ச வரவே கூடாது.”

“பல்லி போடுவாங்க.”

“போடட்டும். அடுத்த பாட்டு வரட்டும். அதுவும் ம-வில தொங்கட்டும்.”

“செவிமணியையே நிறுத்திட்டா?”

“முப்பது வருஷத்துல நிறுத்துனவங்க எத்தனை பேரு?”

“ஒருத்தருமில்ல.”

“ச-வைப் புகலறைக்குள்ள மட்டும் விடுவோம். வெளிய நிக்கிறவங்களுக்கு அது அந்தத் திசையிலிருந்து மெல்லிசாக் கேக்கணும், அடுத்த வீட்டுல யாரோ பாடுற மாதிரி. கிட்ட வர வரத் தெளியணும். ரெண்டு காதுலயும் செவிமணி இருக்கே, திசை காட்ட முடியும்ல?”

“முடியும்” என்றான் எபனேசர். “இது கொஞ்சம் பாவம் மேடம்.”

பர்வீனிடம் சொன்னபோது அவர் சாசனத்தை எடுத்து முதல் பிரிவை இரண்டு தடவை படித்தார். “நிறுத்துற உரிமை இருக்கு. முடிக்கச் சொல்ற உரிமை இதுல எங்கயும் இல்ல” என்றார். திங்கட்கிழமை பயிற்சி வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

விரிசல் திங்கட்கிழமைவரை பொறுக்கவில்லை. சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில், கட்டுப்பாட்டு அறையில் கிழக்குச் சுவரின் அழுத்தமானி இறங்கத் தொடங்கியது. மயிரிழை நகக்கணு அகலம் ஆகியிருந்தது. எபனேசர் அங்கேதான், தன் வேலையைப் பாதி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“தொங்கவிடுங்க” என்றாள் மானியைப் பார்த்துக்கொண்டிருந்த நப்பின்னை.

“இன்னும் சோதிக்கவே இல்லையே மேடம்.”

“இதுதான் சோதனை.”

அவன் செய்தான். நப்பின்னை புகலறை வாசலுக்கு ஓடினாள். பாதி வழியில் அவள் காதிலும் பாட்டு ம-வில் நின்றது. கால்கள் தாமாக வேகம் பிடித்தன. வாசலை அடைந்ததும், இதோடு உள்ளே போய்விடுவோம் என்று அவளுக்கே பயம் வந்தது. வெளியே நின்று ஆளை எண்ண வேண்டியவள் அவள். காதுக்குப் பின்னால் விரலை அழுத்திச் செவிமணியை நிறுத்தினாள். அறுநூறு விசிறிகளின் இரைச்சல் தலைக்குள் வந்து விழுந்தது. பிறந்ததிலிருந்து அவள் கேட்டிராத சத்தம். அதற்கும் அடியில், கிழக்கேயிருந்து, குக்கர் விசில் வருமுன் சீறுவதுபோல் மெல்லிய ஒலி. ஊரின் காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. பாட்டு ஓடிய ஒரு காதிலும் அது விழவில்லை.

முதலில், செவிமணி பழுதான முப்பத்தொரு பேர் விளக்கைப் பார்த்து ஒழுங்காக வந்தார்கள். பிறகு ஒரு நிமிடம் யாரையும் காணோம். தெருத்தெருவாக ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டது. பல்லி மேல் பல்லி. பிறகு கதவுகள் திறந்தன.

வந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் நெருக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, ஆனால் நிற்காமல் நடந்து வந்தார்கள். பாதிச் சவரத்தில் ஒருவர் வந்தார். வாத்தியாரும் வகுப்பும் சேர்ந்து வந்தார்கள். தேநீர்க்கடைக்காரர் கையில் டம்ளரோடு வந்து, “பாணனுக்கு என்ன கேடும்மா? எழவு, முடிக்கவே மாட்டேங்குது! உள்ள கேக்குதே, உள்ளதான் சரி பண்றாங்களா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் நுழைந்தார். பர்வீனும் வந்தார். “நான் தெரிஞ்சுதான் வர்றேன் நப்பின்னை. தெரிஞ்சும் கால் நிக்கல” என்றார்.

ஒன்பதாவது நிமிடம் நாலாயிரத்து நூற்று ஐம்பது. பத்தாவது நிமிடம் நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று எட்டு. அவளையும் சேர்த்தால் ஒருவர் குறைந்தது. எண்ணிப் பார்க்கத் தேவையில்லாமலே அது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. எதையும் முணுமுணுத்தே முடித்துவிடுகிறவன். தனியாக அவனால் முடிக்க முடியாது என்று எபனேசர் சொன்னது மெய்யாக இருக்க வேண்டும். அந்த ஒரு பாடம் பொய்யாக இருந்தால், இந்நேரம் தணிகை விரிசலுக்குப் பதினைந்து அடியில் நிம்மதியாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பான். கதவின் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கிழக்கே அந்தச் சீறல் கனத்துக்கொண்டே வந்தது. காதுகள் அடைத்தன.

தெரு முனையில் அவன் வந்தான். ஒரு கையில் தெளிப்பான். மூச்சு வாங்கியது, காற்று மெலிந்ததால் வாங்குகிறது என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

“என்ன நப்பி இது அநியாயம்! நானே பாடி முடிக்கலாம்னு அஞ்சு நிமிஷமாப் பாத்தேன், ஒட்டவே மாட்டேங்குது!”

அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவை மூடினாள்.

உள்ளே ஒவ்வொருவர் காதிலும் அவரவர் சுருதியில் அவரவர் ச-கூட்டு ஒலித்தது. செவிமணியை நிறுத்தியிருந்த நப்பின்னைக்கு அது கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பேர் ஒன்றாக மூச்சு விட்ட சத்தம். அது அடங்கும் முன் கிழக்கே பெரிதாக ஏதோ சரிந்தது. தரை ஒருமுறை அதிர்ந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. தணிகை கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

பண்ணையை வெளியே விட்டு, உள்ளே தள்ளி வேறு சுவர் எழுப்பி, காற்றை நிரப்பி, ஊரைத் திரும்பக் குடியேற்ற ஆறு நாள் ஆயிற்று. காளான் பண்ணை போய்விட்டது. ஆள் ஒருவரும் போகவில்லை. ஏழாம் நாள் பர்வீன் நப்பின்னையை அழைத்து, ஊராட்சிக்கு வந்திருந்த முறையீடுகளைக் காட்டினார். ஆயிரத்து நூற்றிருபது. அவற்றில் இரண்டு, புகலறையில் கால் நீட்ட இடமில்லை என்பது பற்றி. மற்றவை எல்லாம், சனிக்கிழமை மதியம் பாட்டு பாதியில் தொங்கியது பற்றி. சுவரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

“ஜனங்களுக்குக் காரணத்தைச் சொல்லிடலாமா?” என்று பர்வீன் கேட்டார். “உங்க உயிரைக் காப்பாத்தத்தான் செஞ்சோம்னு?”

நப்பின்னை யோசித்தாள். ஒன்பது நாள் முன்னால் உயிருக்காக எழச் சொன்னபோது வந்தவர்கள் முப்பத்தேழு பேர். அதிலும் இருவர், வரிசையில் எதையோ கொடுக்கிறார்கள் என்று வந்தவர்கள்.

“வேண்டாம் மேடம். உயிருக்குன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை வர மாட்டாங்க.”

தன் அறைக்கு வந்து விதிப்புத்தகத்தைத் திறந்தாள். ‘அபாய ஒலி’ என்ற தலைப்பின்கீழ் இருந்த மூன்று பக்கங்களையும் அடித்துவிட்டு எழுதினாள்:

‘காற்று கசிந்தால், ஓடும் பாட்டுகள் அனைத்தையும் ம-கூட்டில் தொங்கவிட வேண்டும். ச-கூட்டைப் புகலறைக்குள் மட்டும் ஒலிக்கவிட வேண்டும். வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.’